மைசூர்பா உரிச்ச முழுக்கை சட்டை

ரெஜினாவோட பாம்பு முதல் தடவையா முழுக்கை சட்டை உரிச்சப்ப டேங்க் லைன்ல யாரும் மயங்கி விழல, யாரும் கன்னத்துல போட்டுக்கல, காலர் ஏன் இவ்ளோ பெருசா இருக்குன்னுதான் கேட்டாங்க.

டேங்க் லைன் ஊட்டியில இருக்கு, தண்ணி டேங்குக்குக் கீழ, ஒண்ணு முதுகுல ஒண்ணு சாஞ்சுக்கிட்டு நிக்கிற தகரக்கூரை வீடுங்க. மேல மெயின் ரோட்டுல டூரிஸ்ட்டுங்க குல்லா வாங்கி மாட்டி, வாயில இருந்து பொகை பொகையா விட்டு செல்ஃபி எடுத்து, ஆகா என்ன க்ளைமேட்டு என்ன க்ளைமேட்டுன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிருவாங்க, அந்த க்ளைமேட்டு மட்டும் அவங்களோட எறங்காம நேரா டேங்க் லைனுக்கு வந்து, ஜன்னல் சந்துல நொழஞ்சு, தேங்காண்ணெ பாட்டில்ல கல்லா ஒறஞ்சு, தோசை மாவைப் புளிக்க விடாம உக்காந்துக்கும், வாடகையும் குடுக்காது, மார்ச் வரைக்கும் காலியும் பண்ணாது.

அந்த லைன்ல கடைசி வீடு ரெஜினா வீடு. செல்போன் கடையில டெம்பர் கிளாஸ் ஒட்டுற வேலை, வீட்ல அம்மா ஸ்டெல்லா, அப்புறம் ரெண்டு பாம்பு. இதுல யாருமே சட்டை பண்ணாத ஆளு யாருன்னா, ரெஜினாதான். மழை வரப்போகுது துணிய எடுங்கன்னு அவ சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்க, துணி எல்லாம் நனஞ்சதுக்கப்புறம், ஏம்மா யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதான்னு அவகிட்டயே வந்து கேப்பாங்க. அவ பேசினா தலையத் தூக்கிப் பாக்கறது அந்தப் பாம்புங்க மட்டும்தான், அதுங்களுக்குக் காது கெடையாதுங்கறது வேற விஷயம்.

ரெண்டும் நம்ம நாட்டுப் பாம்பு இல்ல, விஷமும் இல்ல. கோயம்புத்தூர்ல ஒருத்தரு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பறப்ப, அரசாங்கத்துல பதிஞ்ச பேப்பரோட ரெஜினா கையில குடுத்துட்டுப் போனது. ஒண்ணு ஆப்பிரிக்கா சாதி பைத்தான், உருண்டு திரண்டு, நெய்யில முறுகின நெறத்துல இருக்கும், அதனால பேரு மைசூர்பா. இன்னொண்ணு ஒல்லியா ஆரஞ்சு கலர்ல, பேரு கேசரி. அதுங்களுக்கான செத்த எலி ஃப்ரீசர்ல ஐஸ் டிரேக்குப் பக்கத்துல இருக்கும், அந்த டப்பா மேல ஸ்டெல்லா "இது சிக்கன் இல்ல"ன்னு பெருசா எழுதி ஒட்டியிருந்தா. அதை ஏன் எழுத வேண்டி வந்துச்சுன்னு அந்த வீட்ல யாரும் பேசறதில்ல.

அந்த வருஷம் டிசம்பர் பொறந்ததுமே புல்லு மேல உப்பு கொட்டின மாதிரி பனி உக்காந்துச்சு. மைசூர்பா சாப்பிடறத நிறுத்திச்சு, மூச்சு விடறப்ப கிழிஞ்ச ஆர்மோனியம் மாதிரி ஒரு விசில் வந்துச்சு. தனக்குன்னு துளி சூடு கெடையாத ஜீவன், வெளிய இருந்து யாராச்சும் குடுத்தாத்தான் அதுக்கு உசுரே. ரெஜினா வெந்நீர் பாட்டில் வெச்சுப் பாத்தா, பாட்டில் ஆறிப்போச்சு, கம்பளி சுத்திப் பாத்தா, கம்பளியும் பாம்பும் ஒண்ணா குளிர்ல வெறச்சுப்போச்சு. இப்படியே விட்டா இது பொங்கல் பாக்காதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. போதாக்குறைக்கு எதிர்த்தாப்புல மாடி வீட்ல இருக்கற ஹவுஸ் ஓனர் போஜன் வேற வாசல்ல வந்து நின்னாரு.

"ரெஜினா, கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் தர்றேன். பாம்பு போகணும், இல்லேன்னா நீங்க போகணும்."

"பண்டிகை பாத்து சொல்றாரு பாரு, எவ்ளோ பெரிய மனசு"ன்னா ஸ்டெல்லா, அவரு போனதுக்கப்புறம்.

ரெஜினா அதை எல்லாம் காதுல வாங்கல. பாம்பு வளக்கறவங்க வாட்ஸ்அப் குரூப்ல, ஒரு பாம்பக் கூட நேர்ல பாக்காத நிபுணருங்க எல்லாம் சொன்னதக் கேட்டு, சொல்லாததையும் கேட்டு, பழைய செருப்பு ஸ்டாண்டப் பிரிச்சு, அந்தப் பலகையில ஒரு ரேக் அடிச்சா. அரிசி போட்டு வெக்கற பிளாஸ்டிக் டப்பா நாலு, டிராயர் மாதிரி இழுத்தா வரும், தள்ளினா போகும், பக்கவாட்டுல காத்துக்கு ஓட்டை. ஒவ்வொரு தட்டுலயும் பின்பக்கமா உளியால காவா மாதிரி ஒரு பள்ளம் வெட்டி, அந்தக் காவாய்க்குள்ள ஹீட் டேப்பப் படுக்க வெச்சா. கரண்ட் குடுத்தா சூடாகற பட்டையான டேப்பு அது, பின்பக்கம் மட்டும் சூடு, முன்பக்கம் குளிர், பாம்பு தனக்கு வேணுங்கற எடத்துல போய்ப் படுத்துக்கலாம். மனுஷங்களுக்கு ஊட்டியில அந்த வசதி கெடையாது. சூட்ட அளக்கறதுக்கு ஒயர் முனையில குண்டூசித் தலை மாதிரி ஒரு சென்சார், சுவத்துல தெர்மோஸ்டாட், அதுல சின்னதா செகப்பு நம்பரு. முப்பத்திரண்டு டிகிரி. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது.

கடைசியா அந்தச் சென்சாரத் தட்டோட ஒட்டணும். ரெஜினாவோட ரெண்டு கையும் ரேக்குக்குள்ள, தலையும் உள்ள.

"அம்மா, டேப்ப எடும்மா!"

"எந்த டேப்பு?"

"மிஷின் மேல இருக்கே, அந்த டேப்பு!"

வெள்ளிக் கலர் ஒட்டற டேப்பு வாஷிங் மிஷின் மேல இருந்துச்சு. ஸ்டெல்லாவுக்கு மிஷின்னா தையல் மிஷின், அவ அதுமேல இருந்த இஞ்ச் டேப்ப எடுத்துட்டு வந்தா. அதுவும் அவளோடது இல்ல, முக்கு டெய்லர் கமாலுதீன் பாய்கிட்ட எப்பவோ ஒரு ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க வாங்கினது. ரெஜினா பாக்காமலே வாங்கி, பாத்ததுக்கப்புறம் சரி இதுவும் நல்லாத்தான் நிக்குதுன்னு சென்சாரச் சேத்து இழுத்துக் கட்டிட்டா. அந்த நேரம் பாத்து ஸ்டெல்லா, "உன்னயே இங்க யாரும் சட்டை பண்ணக் காணோம், இதுல உன் பாம்ப யாருடி சட்டை பண்ணப் போறா"ன்னு சொல்லி முடிக்கவும், ரெஜினா ஸ்விட்ச்சத் தட்டவும், செகப்பு நம்பரு எரியவும் சரியா இருந்துச்சு.

காரணம் அவ்ளோதான். அதுக்கு மேல டேங்க் லைன்லயும் யாரும் கேக்கல.

மைசூர்பா அந்தச் சூட்டுல நாள் கணக்கா இஞ்ச் டேப்பு மேல வயித்த வெச்சுப் படுத்துக் கெடந்துச்சு, விசில் நின்னுச்சு, தோல் மங்குச்சு, கண்ணு ரெண்டும் பால் விட்ட மாதிரி வெளுத்துச்சு. உரிக்கப் போகுதுன்னு ரெஜினா குதிச்சா. ஒரு காலையில டப்பாவ இழுத்தா, உள்ள மைசூர்பா புத்தம் புதுசா மினுங்கிக்கிட்டு ஒரு மூலையில, இன்னொரு மூலையில ஒரு முழுக்கை சட்டை. செதில் செதிலா, பழுப்பும் தங்கமுமா, காலர் வெச்சு, முன்னாடி பட்டன் வெச்சு, ஒவ்வொரு பட்டனும் பாம்புக் கண்ணு மேல இருக்கற மூடி மாதிரி கண்ணாடியா.

"அயர்ன் பண்ணலாமாடி, இல்ல சுருங்கிருமா?"ன்னு கேட்டா ஸ்டெல்லா.

அன்னிக்கித்தான் போஜன் கெடு கேக்க வந்தாரு. வந்தவரு சட்டையத் தொட்டாரு, தொட்டவரு போட்டாரு, போட்டவரு வந்த விஷயத்த மறந்துட்டாரு. ஏன்னா அது சூடா இருந்துச்சு. மைசூர்பா எந்தச் சூட்டுல படுத்திருக்கோ அதே சூடு, கொதிக்காத, ஆறாத, ஒரு சமையக்கட்டு மாதிரியான சூடு.

"எங்க வாங்கினது?"

"மைசூர்பா உரிச்சது அங்கிள்."

"மைசூர்பாவா? சரி சரி. வயித்துகிட்ட கொஞ்சம் டைட்டா இருக்கு, காலரு பெருசா இருக்கு. அடுத்த தடவ பாத்து உரிக்கச் சொல்லு."

அப்புறம் டேங்க் லைன் மொத்தமும் வந்துச்சு. முதல்ல யாரும் சும்மா வரல, வர்க்கி பொட்டலத்தோட வந்தாங்க, கேரட்டோட வந்தாங்க, பாம்பு கேரட் சாப்பிடுமான்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. ஒருத்தி ஜாக்கெட்டு கேட்டா, கையில மட்டும் பஃப் வேணும்னா. ஒருத்தி மாப்பிள்ளைக்கு ரெண்டு பாக்கெட் வெச்சுக் கேட்டா. மாசத்துக்கு ஒரு தடவ உரிக்கற மைசூர்பா இப்ப தெனம் ஒண்ணு உரிச்சுச்சு. கேசரியும் அந்த இஞ்ச் டேப்போட முனை தன் டப்பாவத் தொட்டதுல தன்னால முடிஞ்சத உரிச்சுச்சு, ஒல்லி ஒடம்பு, அதனால கர்ச்சீப், ரிப்பன், ரொம்ப முக்கினா ஒரு சாக்ஸ். மாரியம்மன் கோயில்காரங்க இது அம்மனோட அருள்னு சொன்னாங்க. சர்ச்சுல பாஸ்டர் ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துலயே அடிச்சுச் சொன்னாரு, ஏதேன் தோட்டத்துல மனுஷன் துணியில்லாம வெக்கப்பட்டதுக்கு யாரு காரணம், பாம்பு, அதுக்கு நஷ்ட ஈடு இப்பத்தான் வருது, லேட்டுதான் ஆனாலும் வருதுன்னாரு, சொல்லிட்டு அங்கியத் தூக்கி உள்ள போட்டிருந்த சட்டையக் காட்டினாரு.

சட்டை போடாதது கமாலுதீன் பாய் ஒருத்தருதான். அவரு தெருவுல போறவங்களை எல்லாம் நிறுத்தி, கண்ணாடிய மூக்கு நுனிக்குத் தள்ளிப் பாத்தாரு.

"காஜாவப் பாத்தீங்களா, காஜா? இது பட்டன் ஓட்டையா, எலி கடிச்ச ஓட்டையா?"

"சூடா இருக்கு பாய்."

"சூடா இருந்தா அடுப்பக் கட்டிக்கிட்டு அலைங்க. அளவு பாரு, தோள்பட்டை பாரு, எல்லாம் என் அளவு. ஏன்? டேப்பு என்னுது. டேப்பு என்னுதுன்னா தையலும் என்னுதுதானே?"

அடுத்த நாளே கடை வாசல்ல போர்டு மாட்டினாரு: "பாம்புச் சட்டை இங்கு ஆல்டரேஷன் செய்து தரப்படும்."

ரெஜினாவுக்கு இது பிடிக்கலைன்னு சொன்னா பொய். அவ தெருவுல எறங்கினா ரெஜினா கண்ணு ரெஜினா கண்ணுன்னு நாலு வாசல் கூப்புடும். மழை வரும்னு அவ சொன்னா வெயில்லயே துணிய எடுத்தாங்க. மைசூர்பாவோட கண்ணு வெளுக்கறப்பவே சட்டை பட்டனும் எல்லாத்துக்கும் ஒண்ணா பால் நெறத்துக்கு மாறும், அப்ப அடுத்தது உரியப் போகுதுன்னு அர்த்தம், உடனே அவ வீட்டு வாசல்ல ரேஷன் கடை கூட்டம் நிக்கும். ஆனா ஒண்ணே ஒண்ணு மட்டும் அவ சொல்லி யாரும் கேக்கல. "அதுக்கு ரெஸ்ட்டு வேணும், உரிச்சு உரிச்சு எளைக்குது, எலியத் தொடக் கூட மாட்டேங்குது"ன்னு அவ சொன்னா, "ஆமா பாவம்"னு சொல்லிட்டு, அப்படியே கையோட கை அளவையும் சொல்லிட்டுப் போனாங்க. மைசூர்பாவோட முதுகெலும்பு தோலுக்கு மேல தெரிய ஆரம்பிச்சுச்சு. அவ கையில எடுத்தா, ஈரத்துணி மாதிரி தொங்கிச்சு.

அப்பப் பாத்துத்தான் போஜனுக்குக் கோட்டு தேவைப்பட்டுச்சு. நலச்சங்கத் தலைவருக்கு நிக்கறாரு, எதுத்து யாரும் நிக்கல, இருந்தாலும் பொங்கல் விழாவுல மாலை போட கோட்டு இல்லாம எப்படி?

"முடியாது அங்கிள். இன்னும் ஒரு தடவ உரிச்சா அது செத்துரும்."

"சூட்டக் கூட்டு ரெஜினா. மாவு புளிக்கலேன்னா என்ன பண்ணுவோம், அடுப்புப் பக்கத்துல வெப்போம்ல, அதே லாஜிக்குதான்."

"மாவுக்கு உசுரு இல்ல அங்கிள்."

அவரு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. மறுநாள் அவ கடைக்குப் போனதும் திரும்ப வந்தாரு. ஸ்டெல்லா காபி போட உள்ள போன நேரத்துல சுவத்துல இருந்த தெர்மோஸ்டாட்டக் குனிஞ்சு பாத்தாரு. முப்பத்திரண்டு. அவருக்கு அப்பத்தான் எல்லாம் வெளங்கிச்சு. "அடப்பாவிங்களா, சைஸ முப்பத்திரண்டுல வெச்சிருக்கா, அதான் எனக்கு வயித்துகிட்ட டைட்டா வருது!" அவரு சைஸு நாப்பத்திரண்டு. மேல் அம்புக்குறிய அமுக்கு அமுக்குன்னு அமுக்கி நாப்பத்திரண்டுல நிறுத்திட்டு, திருப்தியா காபியக் குடிச்சுட்டுப் போனாரு.

கொஞ்ச நேரத்துல டேங்க் லைன் கொதிக்க ஆரம்பிச்சுச்சு. கொழாயடியில நின்னவங்க கொடத்தப் போட்டுட்டு சட்டையக் கழட்டினாங்க, பனி மூட்டத்துக்கு நடுவுல ஆம்பளைங்க வெறும் பனியனோட குதிச்சாங்க, பாஸ்டர் ஜெபத்துக்கு நடுவுல அங்கிக்குள்ள கைய விட்டுத் துடிச்சாரு, சபை அதப் பரிசுத்த ஆவின்னு நெனச்சு அல்லேலூயா சொல்லிச்சு. கடையில ரெஜினா யாரோட போனுக்கோ குமிழி இல்லாம கிளாஸ் ஒட்டிக்கிட்டு இருந்தா, தலையில கட்டியிருந்த கேசரி ரிப்பன் திடீர்னு சுட்டுச்சு. அவளுக்குப் புரிஞ்சுருச்சு. போன அப்படியே விட்டுட்டு ஓடினா.

டப்பாவ இழுத்தப்ப மைசூர்பா வாயத் தொறந்துக்கிட்டு முன்பக்கமா, குளிர் இருக்கற மூலையில தலைய முட்டிக்கிட்டுக் கெடந்துச்சு, அந்த மூலையிலயும் குளிர் இல்ல. கேசரி தண்ணிக் கிண்ணத்துக்குள்ளயே சுருண்டு தப்பிச்சிருந்துச்சு. ரெஜினா மைசூர்பாவ வெதுவெதுத் தண்ணியில நனைச்சு, ஒத்தி எடுத்து, தன் வயித்தோட அணைச்சுக்கிட்டு தரையில உக்காந்துட்டா. தெருவுல கழட்டிப் போட்ட சட்டைங்கள்ல இருந்த பட்டன் எல்லாம் சாம்பல் நெறமாச்சு. அவ எதையும் பாக்கல, அந்த நாக்கு ஒரு தடவ வெளிய வந்துட்டுப் போகாதான்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தா. ரொம்ப நேரம் வரல. அப்புறம் வந்துச்சு, நூல் மாதிரி, அவ கட்டைவிரல ஒரு தடவ தொட்டுட்டுப் போச்சு.

அழுது முடிச்சுட்டு அவ முதல் காரியமா அந்த இஞ்ச் டேப்ப அறுத்து எடுத்தா, வாஷிங் மிஷின் மேல இருந்த வெள்ளி டேப்ப அவளே போய் எடுத்துட்டு வந்து சென்சார ஒட்டினா, முப்பத்திரண்டுல வெச்சா, மைசூர்பாவ உள்ள விட்டா. வெளிய வந்து, வெறும் பனியனோட நின்ன தெருவப் பாத்து, "இனிமே சட்டை கெடையாது"ன்னா.

"அப்ப வீடும் கெடையாது"ன்னாரு போஜன், "காலி பண்ணு, இப்பவே!" சொன்னதோட நிக்காம, அவரு வீட்டு மெயின் போர்டுல இருந்து ரெஜினா வீட்டு ஃபியூஸ் கட்டையப் புடுங்கி, தன் பாம்புச் சட்டைய மறுபடி மாட்டி, அதோட பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. சூடு எறங்கியிருந்துச்சு, அவங்கவங்க சட்டைய மறுபடி எடுத்துப் போட்டுக்கிட்டு, பொண்ணு பாவம்தான், ஆனா பாம்பு வளக்கலாமான்னு பேசிக்கிட்டாங்க.

வெளிச்சம் எறங்க எறங்க மூடுபனி டேங்க்ல இருந்து வழிஞ்சு வந்துச்சு. ரேக் ஆறிச்சு. பாம்பு ஆறிச்சு. சட்டைங்க ஆறிச்சு. ஆறினதோட நிக்கல, ஒவ்வொண்ணும் ஃப்ரீசர்ல இருந்து எடுத்த மாதிரி ஆச்சு, கழட்டலாம்னு பாத்தா பட்டன் ஐஸுக்கட்டியா ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது. முதல்ல கெஞ்சல் எந்த வீட்டுக்குப் போகணும்னு தெரியாம ரெஜினா வீட்டுக்குப் போச்சு. அவ ரெண்டு டப்பாவையும் கம்பளியோட மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.

"ரெஜினா, தாயி, அந்தச் சூட்டப் போடேன்!"

"ஃபியூஸு என்கிட்ட இல்ல. அங்கிள் பாக்கெட்டுல இருக்கு."

ஊரே திரும்பி எதிர் வீட்டுக்கு ஓடிச்சு. போஜன் வாசல்லயே நின்னாரு, முதல் சட்டை அவரோடது, அதனால அதுதான் ரொம்ப ஒறஞ்சிருந்துச்சு, பல்லு தந்தியடிக்குது.

"பா... பா... பாக்கெட்டுல கை போக மாட்டேங்குது!"

பாக்கெட் வாய் பனியில மூடிக்கிச்சு. கமாலுதீன் பாய், சட்டை போடாத ஒரே மனுஷன், பழைய ஸ்வெட்டரோட ஆற அமர நடந்து வந்தாரு, கத்தரிய எடுத்தாரு, தையல் ஓரமா ஒரே வெட்டு, ஃபியூஸ் கட்டை கீழ விழுந்துச்சு.

"பாக்கெட்டு தையலும் சுமார்தான்"ன்னாரு.

ஃபியூஸ் மாட்டினதும் ரேக்கும் சட்டைங்களும் ஒண்ணா சூடாச்சு. அன்னையில இருந்து டேங்க் லைன்ல யாரும் ரெஜினா சொன்னத மீறல. முப்பத்திரண்டுன்னா முப்பத்திரண்டு. கரண்ட் போனா பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஒயரு தானா ஜன்னல் வழியா வரும். மைசூர்பா எளச்சா தங்களுக்குத்தான் குளிரும்னு தெரிஞ்சதும் அத்தன பேருக்கும் அது மேல எங்கிருந்தோ ஒரு பாசம் வந்துருச்சு, "புள்ள சாப்புட்டுச்சா?"ன்னு காலையும் சாயங்காலமும் கேட்டாங்க. ரெஜினாவ அவங்க சட்டை பண்ணாங்க, அவங்க போட்டிருந்த சட்டைக்காகத்தான், இருந்தாலும் பண்ணாங்க. இஞ்ச் டேப்ப பாய்கிட்டத் திருப்பிக் குடுத்தப்ப அதுல ஒரு நம்பரு இல்ல, எல்லாம் உரிஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு, அவரு அதச் சுருட்டி கல்லாப்பெட்டிக்குள்ள வெச்சுக்கிட்டாரு.

பொங்கல் தாண்டி ஒரு நாள் மைசூர்பா எலியத் தின்னுச்சு. ரெஜினா தெருவுல ஓடி எல்லாருக்கும் சொன்னா, எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் அதோட கண்ணு வெளுத்துச்சு, தெளிஞ்சுச்சு, ஒரு காலையில டப்பாவ இழுத்தா, உதட்டுல இருந்து வால் நுனி வரைக்கும் எங்கயும் கிழியாம, ரெண்டு கண்ணு மூடியோட, பட்டன் இல்லாம காலர் இல்லாம, ஒரு பாம்போட தோலு. வெறும் தோலு. நல்ல ஒடம்பு இருக்கற பாம்பு மட்டும்தான் அப்படி முழுசா உரிக்கும். ரெஜினாவுக்கு அதக் கையில புடிச்சிக்கிட்டு நிக்கவே பெருமையா இருந்துச்சு, கொண்டு போய்த் துணி காயப்போடற கயித்துல தொங்க விட்டா.

ஸ்டெல்லா பக்கத்துல வந்து நின்னு மேலயும் கீழயும் பாத்தா. "நல்லாத்தாண்டி இருக்கு"ன்னா, "கைதான் வெக்கல."

காத்துல அது ஒரு தடவ நெளிஞ்சுச்சு. கொழாயடியில ஒரு கொடம் விழுந்துச்சு. அடுத்து ஒரு அலறல், அடுத்து பத்து அலறல், கதவுங்க படார் படார்னு சாத்திக்கிச்சு, பாய் கடை ஸ்டூல் மேல ஏறி நின்னாரு, டேங்க் லைன் வரலாத்துலயே முதல் தடவையா எல்லாரும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

"ஐயய்யோ, பாம்பு! இந்தப் பொண்ணு பாம்பு வளக்குதுடா!"

"அட ஆண்டவா, இத்தன நாளா பாம்பு இருக்கற தெருவுலயா மனுஷன் குடியிருந்தோம்?"ன்னு மாடியில இருந்து கத்தினாரு போஜன், கத்திக்கிட்டே, காத்து சில்லுன்னு அடிக்கவும், சட்டையோட காலர் பட்டனையும் மாட்டிக்கிட்டாரு.